மீன் ஐஸில் குளித்த ஆம்ப்ளிஃபையர்

தம்பிகளே, தங்கைகளே, போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் தன் கையால் செய்த ஆம்ப்ளிஃபையரைப் படம் எடுத்துப் போட்டிருந்தார். பளபளக்கும் முகப்பு, நீல விளக்கு, உள்ளே பின்னி முடித்த ஜடை மாதிரி வயர்கள். கீழே ஒரு கேள்வி: “சவுண்டு தேன் மாதிரி இருக்குதுண்ணே. ஹீட் சிங்க்லதான் கை வைக்க முடியல. ஒண்ணும் ஆவாது இல்ல?” அதற்குப் பதிலாக ஏழெட்டுப் பேர் நெருப்புப் படம் போட்டுப் பாராட்டியிருந்தார்கள். அந்தப் படம் எவ்வளவு பொருத்தமானது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக என்னைப் பற்றி இரண்டு வரி. பெயர் ஏழுமலை. பாகூரில் சின்னதாக ஒரு கடை வைத்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆம்ப்ளிஃபையர் செய்து கொடுத்தேன். கல்யாணம், கோயில், கட்சிக் கூட்டம், கபடிப் போட்டி, எதையும் விடவில்லை. சால்டரிங் முனை எது, என் விரல் நுனி எது என்று கண்ணுக்குக் குழப்பம் வந்தபோது கடையை மூடினேன். இடது கைக் கட்டை விரலில் ஒரு காலத்தில் சூடான டிரான்சிஸ்டரின் நம்பரே அச்சாகிப் பதிந்திருந்தது. கடைக்காரர் நம்பர் கேட்டால் விரலைக் காட்டி வாங்கி வருவேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மணப்பட்டு மீனவர் ஊர்ப் பஞ்சாயத்துக்கு ஒரு ஆம்ப்ளிஃபையர் செய்து கொடுத்தேன். கடலில் காற்று பலமாக இருக்கிறது, போகாதீர்கள்; ரேஷனில் அரிசி வந்திருக்கிறது; யாருடைய துடுப்போ கரையில் ஒதுங்கிக் கிடக்கிறது, இப்படிச் சேதி சொல்வதற்கு. சேதி சொல்கிறவர் தனம் அக்கா. காலையில் பாகூரில் மீன் விற்பார், மதியம் ஊருக்குத் திரும்பி மைக்கைப் பிடிப்பார். மீன்காரர் என்றதும் உச்சக் குரலை நினைக்காதீர்கள். அக்கா தாழ்ந்த குரலில்தான் பேசுவார். அந்தக் குரலுக்கு ஊரே வாயை மூடிக்கொண்டு கேட்கும்.

ஆம்ப்ளிஃபையர் அந்த ஊருக்குப் போய் ஒரு வாரம் ஆகியிருக்கும். அக்கா மீன் கூடையோடு என் கடை வாசலில் வந்து நின்றார்.

“ஏழுமல, இன்னாபா மிஷினு குடுத்துக்கிற? என் கொரல்ல மண்ணு கலந்து வருது.”

“மைக்க வாய்கிட்ட வச்சிப் பேசுக்கா.”

“வாய்கிட்டதான் வக்கிறன். இன்னும் கிட்ட வச்சா முழுங்கணும்.”

நான் சிரித்து அனுப்பிவிட்டேன். மூன்றாம் நாள் மறுபடி வந்தார்.

“மண்ணு அப்படியே இருக்குது.”

“சளி புடிச்சிருக்குதாக்கா?”

“யாருக்கு? மிஷினுக்கா, எனக்கா?”

அன்றைக்கும் நான் கிளம்பவில்லை. காரணம் கர்வம்தான். அதே மாதிரி ஆம்ப்ளிஃபையர் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ இடங்களில் ஓடிக்கொண்டிருந்தது, ஒருவரும் குறை சொன்னதில்லை. சவுண்டு சர்வீஸ்காரர்கள் எல்லாம் நல்ல சத்தம் என்றுதான் சொன்னார்கள். அவர்கள் எப்போதும் வால்யூமைக் கடைசி வரை திருப்பி வைத்துக் கேட்கிறவர்கள் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

மூன்றாம் முறை அக்கா கூடையை என் மேஜை மேலேயே இறக்கி வைத்துவிட்டார். சால்டர் கம்பிச் சுருளின் பக்கத்தில் சங்கரா மீன்கள் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தன.

“நீ இன்னிக்கு வந்து உன் காதால கேக்கலன்னா, அந்த மிஷினக் கவுத்துப் போட்டு, மேல உக்காந்து மீன் விப்பன். எடம் நல்லா அகலமாத்தான் இருக்குது.”

போனேன். மணப்பட்டில் பஞ்சாயத்துக் கொட்டகை கடலைப் பார்த்தபடி இருக்கும், தகரக் கூரை. மைக்கைப் பிடித்து, “ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்” என்று வயிற்றிலிருந்து கத்தினேன். மணி அடித்த மாதிரி இருந்தது. திரும்பி அக்காவைப் பார்த்தேன். என் முகத்தில் என்ன இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

“நீ கத்தறப்ப நல்லாத்தான் இருக்குது,” என்றார் அக்கா. “நான் இன்னா ஏலமா வுடறன்? ஊருக்குச் சேதி சொல்றன். போ, அந்தப் படகாண்ட போயி நில்லு.”

படகு ஓரமாகப் போய் நின்றேன். வலை பின்னிக்கொண்டிருந்த நாலைந்து பேர் என்னை வேடிக்கை பார்த்தார்கள். ஸ்பீக்கர் பாக்ஸிலிருந்து அக்காவின் குரல் வந்தது. எப்போதும் பேசுகிற அதே தாழ்ந்த குரல்.

“ஏழுமல, மத்தியானம் சாப்ட்டியா? நம்ம வூட்ல மீன் கொழம்பு. சாப்ட்டுட்டுப் போ.”

காதில் விழுந்தது அழைப்பு மாதிரியே இல்லை. ஒவ்வொரு எழுத்தின் விளிம்பும் பிய்ந்து, கரகரவென்று, தேங்காய் நாரால் பாத்திரம் தேய்க்கிற சத்தத்தோடு வந்தது. வலைக்காரர்களில் ஒருவர் தலையைத் தூக்காமலே சொன்னார்: “அக்கா வூட்டுக் கொழம்புலயும் மண்ணுதான் போல.”

அவர்கள் சிரித்து முடிக்கும் வரை நான் அங்கேயே நின்றேன். வேறு எங்கே போக?

உங்களில் பலருக்கு இது என்ன கோளாறு என்று இந்நேரம் பிடிபட்டிருக்கும். பிடிபடாதவர்களுக்குச் சொல்கிறேன். நம் ஆம்ப்ளிஃபையரில் ஒலி அலையின் மேல் பாதியை ஒரு ஜோடி டிரான்சிஸ்டரும் கீழ்ப் பாதியை இன்னொரு ஜோடியும் சுமக்கின்றன. ஒரு கூடை மீனை இரண்டு பேர் கை மாற்றிக்கொள்கிற மாதிரி. வாங்குகிறவர் பிடிப்பதற்கு முன்பே கொடுக்கிறவர் கையை எடுத்துவிட்டால் இடையில் இரண்டு மீன் கீழே விழும். பெரிய கூடையில் இரண்டு மீன் குறைந்தால் யாருக்கும் தெரியாது. அதுதான் கத்துகிற குரல். ஐந்தே மீன் இருக்கிற கூடையில் இரண்டு விழுந்தால்? அதுதான் தனம் அக்காவின் குரல். அந்த விழுகிற மீனைத்தான் நாம் பிசிறு என்கிறோம், அக்கா மண் என்றார். அவர் சொன்னது என் சொல்லைவிடச் சரி.

மீன் விழாமல் இருக்க வேண்டுமானால் இரண்டு பேரும் எப்போதும் கூடையில் லேசாகக் கை வைத்திருக்க வேண்டும். அதாவது, பேச்சு பாட்டு எதுவும் இல்லாத நேரத்திலும் இரண்டு ஜோடி வழியாகவும் கொஞ்சம் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதைக் கூட்டவும் குறைக்கவும்தான் போர்டில் அந்தக் குட்டித் திருகு, பிரிசெட், இருக்கிறது. நான் அதை ரொம்பக் குறைத்து வைப்பவன். குறைத்தால் சூடாகாது, சூடாகாவிட்டால் எரியாது, எரியாவிட்டால் என்னை யாரும் தேடி வரமாட்டார்கள். இத்தனை வருஷம் நிம்மதியாகத் தூங்கியதன் ரகசியம் அதுதான்.

ஆம்ப்ளிஃபையரைக் கடைக்கு எடுத்து வந்தேன். டிரான்சிஸ்டரின் சூட்டை இழுத்துக் காற்றில் விடுகிற தகடு, அதாவது ஹீட் சிங்க், இன்னும் பெரியதாக ஒன்று வாங்கி, நாலு டிரான்சிஸ்டர்களையும் அதில் மாற்றி முடுக்கினேன். டேபிள் ஃபேனைப் பக்கத்தில் ஓடவிட்டு, பிரிசெட்டை மெல்ல மெல்லக் கூட்டினேன். தனம் அக்காவை வரவழைத்துப் பேசச் சொன்னேன். கடைக்குள் அவர் இரண்டு பேராக நிற்கிற மாதிரி இருந்தது, அவ்வளவு சுத்தம். அக்கா தன் குரலைத் தானே இன்னொரு தடவை பேசிக் கேட்டார்.

“இப்பத்தான்பா நான் பேசற மாதிரி இருக்குது,” என்றார்.

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். டிரான்சிஸ்டருக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. சூடானால் அதிக மின்சாரம் இழுக்கும். அதிகம் இழுத்தால் இன்னும் சூடாகும். இன்னும் சூடானால் இன்னும் இழுக்கும். கோபக்காரன் தன் கோபத்தைப் பார்த்தே மேலும் கோபப்படுகிற கதை. அதைத் தடுக்கத்தான் இன்னொரு குட்டி டிரான்சிஸ்டரை வைக்கிறோம். அதன் வேலை காவல். ஹீட் சிங்கோடு ஒட்டி உட்கார்ந்து, சூடு ஏறுகிறதென்று தெரிந்தவுடன் மின்சாரத்தை இழுத்துப் பிடிக்கும். நான் அதை வாட்ச்மேன் என்று சொல்வேன்.

வாட்ச்மேனை முடுக்கப் புதிய ஹீட் சிங்கில் ஓட்டை இல்லை. ஓட்டை போட டிரில்லை எடுத்தேன், பாதியில் அதன் முனையில் இருக்கும் பிட் உடைந்துவிட்டது. புதிய பிட் வாங்க தவளக்குப்பம் வரை போக வேண்டும். மதிய வெயில், பசி வேறு. வாட்ச்மேனை அது ஏற்கெனவே இருந்த போர்டிலேயே விட்டுவிட்டேன். ஹீட் சிங்குக்கும் அதற்கும் நாலு விரல் தூரம். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடியைப் போட்டேன். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. காவல்காரனைத் தெருமுனை டீக்கடையில் உட்கார வைத்துவிட்டு வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்ன ஆள் நான்.

இரண்டு மாதம் எந்தப் பிரச்சினையும் இல்லை. சேதி சொல்வது ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். சூடாவதற்குள் அணைத்துவிடுவார்கள். அப்புறம் சித்திரை மாதம் ஊர்த் திருவிழா வந்தது.

அம்மன் கடலில் தீர்த்தம் ஆடுகிற நாள். மணப்பட்டே நிரம்பி வழிந்தது. பலூன், வளையல் கடை, கரும்பு ஜூஸ், ராட்டினம். விடியற்காலையிலிருந்து பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பஞ்சாயத்தார் என்னையும் அழைத்திருந்தார்கள். தகரக் கொட்டகையில் ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வருகிறவர்களிடமெல்லாம் அது என் கைவேலை என்று தெரிகிற மாதிரி அதன் மேல் ஒரு கையைச் சாய்த்து வைத்திருந்தேன்.

பதினோரு மணி வாக்கில் அந்தக் கையை எடுத்துவிட்டேன். வைக்க முடியவில்லை.

குனிந்து முகர்ந்தேன். வார்னிஷ் வாசனை. தகரம் மேலிருந்து காய்கிறது, ஆம்ப்ளிஃபையர் கீழிருந்து காய்கிறது. மூடியைக் கழற்றி, எச்சில் தொட்டு ஹீட் சிங்கில் வைத்தேன். ‘சுர்’ என்றது. என்ன நடக்கிறதென்று அந்தச் ‘சுர்’ரிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கோபக்காரன் கிளம்பிவிட்டான், காவல்காரன் நாலு விரல் தூரத்தில் காற்று வாங்கிக்கொண்டிருக்கிறான்.

யாருக்கும் தெரியாமல் திருப்புளியை எடுத்து பிரிசெட்டைக் குறைத்தேன். ஐந்து நிமிஷத்தில் சூடு இறங்க ஆரம்பித்தது. பிசிறு வந்திருக்கும்தான், ஆனால் பாட்டு அலறிக்கொண்டிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை. இன்றைய பொழுதை இப்படியே ஓட்டிவிடலாம், நாளை எடுத்துப்போய் ஓட்டை போடலாம் என்று கரும்பு ஜூஸ் வாங்கி ஒரு வாய் குடித்தேன். இரண்டாவது வாய் குடிக்கவில்லை.

ஒரு பெண் கொட்டகைக்குள் ஓடி வந்தாள். தலை கலைந்து, கையில் ஒரு குழந்தைச் செருப்பு. பெயர் செல்வி, ஊர் அரியாங்குப்பம். புருஷனோடு வண்டியில் திருவிழா பார்க்க வந்தவள். நாலு வயது மகள் யாழினியைக் காணவில்லை. ஐஸ்கிரீம் வாங்கித் திரும்புவதற்குள் ஆளில்லை.

பாட்டை நிறுத்தினோம். நிறுத்தியதும் கடல் சத்தம் கேட்டது. அதுவரை அப்படி ஒன்று அங்கே இருப்பதே யாருக்கும் ஞாபகமில்லை. செல்வி அந்தச் சத்தம் வந்த திசையைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

பஞ்சாயத்துத் தலைவர் மைக்கைப் பிடுங்கிக் கத்தினார்: “மஞ்ச கவுனு, நாலு வயசு, யாழினி! எங்க இருந்தாலும் கொட்டாய்க்கு வா! யாழினி!” அடுத்தவர் வாங்கி அவரைவிட உரக்கக் கத்தினார். இளைஞர்கள் ஓடி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றார்கள். கால் மணி நேரம் போனது. வெளியூர்க் குழந்தை, ஊரில் யாருக்கும் முகம் தெரியாது.

தனம் அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். செல்வியின் தோளைப் பிடித்தார்.

“காலையில புள்ளய எதுக்காச்சும் திட்டுனியா?”

செல்விக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். “புதுக் கொலுசுக்கா. தொலச்சன்னா தோல உரிச்சிடுவன்னு சொல்லித்தான் போட்டு வுட்டன்.”

“அப்ப தொலச்சிட்டு ஒளிஞ்சினு இருக்குது.” அக்கா தலைவர் கையிலிருந்து மைக்கை வாங்கினார். “யாரும் கத்தாதீங்க. இப்பிடி ஆம்பளைங்க கத்துனா நானே ஒளிஞ்சிப்பன். அம்மா, நீ பேசு. வூட்ல தூங்க வைக்கறப்ப எப்பிடிப் பேசுவியோ, அப்பிடிப் பேசு.”

செல்வி மைக்கை இரண்டு கையாலும் பிடித்து, மெதுவாக, “யாழினி...” என்றாள்.

பாக்ஸிலிருந்து வந்தது தாயின் குரல் இல்லை. கரகரத்து, பிய்ந்து, பூச்சாண்டி கூப்பிடுகிற மாதிரி இருந்தது. கூட்டத்தில் யாரோ ஒருவரின் இடுப்பில் இருந்த கைக்குழந்தை வீறிட்டு அழுதது.

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். அந்தச் சத்தம் எதனுடையது என்று அவருக்கு முன்பே தெரியும்.

“மறுபடியும் மண்ணு வந்திருக்குது. எடுக்க முடியுமா முடியாதா?”

எனக்கு இருந்த வழி இரண்டு. பிரிசெட்டை அப்படியே விட்டால் ஆம்ப்ளிஃபையர் பிழைக்கும், குரல் பூச்சாண்டி. கூட்டினால் குரல் தாய், ஆம்ப்ளிஃபையர் எந்த நிமிஷத்திலும் வெடிக்கும். வெடித்தால் பூச்சாண்டிக் குரலும் இல்லை. அணைத்து ஆறவைத்துக் கூட்டலாம். ஆற அரை மணி நேரம் ஆகும், கடல் அரை மணி நேரம் காத்திருக்குமா?

“முடியும்,” என்றேன். “ஆனா அஞ்சாறு நிமிஷம்தான் தாங்கும். சூடு ஏறிடும்.”

“சூடுதான?” என்றார் அக்கா. “ஐஸு இருக்குது.”

முந்தின நாள் மீனுக்கு வாங்கி மிஞ்சிய ஐஸ். கொட்டகை மூலையில் தெர்மாகோல் பெட்டியில் இருந்தது. எனக்குத் தோன்றவில்லை, சத்தியமாகத் தோன்றவில்லை. முப்பது வருஷம் ஹீட் சிங்க், ஃபேன், பேஸ்ட் என்று யோசித்த மண்டைக்குள் மீன் பெட்டி எப்படி வரும்?

கரண்டு ஓடுகிற பொருளில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்ற பயம் மட்டும் தெளிவாக இருந்தது. பிளாஸ்டிக் பைக்குள் பை போட்டு, முடிச்சை மேல் பக்கம் வைத்துக் கட்டச் சொன்னேன். பெட்டியின் பின்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஹீட் சிங்க் தகடுகளின் மேல் மட்டும் அந்தப் பைகளைச் சாய்த்து அடுக்கினேன். பக்கத்தில் இருந்தவர்களை ஓர் அடி தள்ளி நிற்கச் சொன்னேன். ஹீட் சிங்கிலிருந்து புகை மாதிரி ஆவி கிளம்பியது, கூடவே நெத்திலி வாசனை.

மீட்டர் எடுத்து அளக்க நேரமில்லை. “பேசிட்டே இரும்மா,” என்று செல்வியிடம் சொல்லிவிட்டு, அவள் குரலைக் கேட்டபடியே திருப்புளியைத் திருப்பினேன். கால் சுற்று. கரகரப்பு. இன்னும் ஒரு முடி அளவு. கொஞ்சம் தெளிந்தது. இன்னும் ஒரு முடி. அப்புறம் அவள் குரல் வந்தது. வெறும் குரல், அவ்வளவுதான்.

“யாழினி, அம்மா திட்டமாட்டன்டி. கொலுசு போனா போவுது. வேற வாங்கிக்கலாம். ஐஸ்கிரீம் உருகுது பாரு. நீ வந்தாத்தான் நான் சாப்டுவன். வாடி தங்கம்.”

பலூன்காரர் தன் ஊதுகுழலை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். செல்வி சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். என் விரல் ஹீட் சிங்கின் ஓரத்தில் இருந்தது. ஐஸ் பையையும் மீறிச் சூடு ஏறுவது தெரிந்தது. ஒரு பை உருகித் தொங்கியதும் இன்னொரு பையை வைத்தேன். மூன்று நிமிஷம். நாலு.

பாக்ஸிலிருந்து பத்து அடி தூரத்தில், கரையேற்றி வைத்திருந்த ஒரு படகின் ஓரம் வலைக் குவியல் ஒன்று இருந்தது. மேலே நீலத் தார்ப்பாய். அந்தத் தார்ப்பாய் அசைந்தது. முதலில் ஒரு கை. பிறகு வலைக்கயிறு தலையில் மாட்டிய ஒரு முகம். மஞ்சள் கவுன். ஒரு காலில் மட்டும் கொலுசு. கொட்டகையைப் பார்த்துக் குழந்தை சத்தமாகக் கேட்டது:

“நெஜமா திட்டமாட்டியா?”

அப்புறம் நடந்ததைச் சரியாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கூட்டமே அந்தப் படகை நோக்கி ஓடியது. தலைவர் ஓடினார். தண்ணீரில் நின்ற இளைஞர்கள் ஓடி வந்தார்கள். செல்வி மைக்கைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். நானும் ஓடினேன்.

ஆமாம், நானும்தான். பிரிசெட்டைக் குறைக்காமல், சுவிட்சை அணைக்காமல், ஐஸ் பைகளை அம்போவென்று விட்டுவிட்டு ஓடினேன்.

குழந்தையைச் செல்வி தூக்கி முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தபோது பின்னால் ‘பட்’ என்று ஒரு சத்தம், உடனே ‘டும்’ என்று ஒரு சத்தம். ‘பட்’ டிரான்சிஸ்டர், ‘டும்’ பாக்ஸுக்குள் இருந்த ஸ்பீக்கர். ஃபியூஸ் கடைசியில்தான் விழித்துக்கொண்டது. திரும்பிப் பார்த்தால் கொட்டகையில் வெள்ளைப் புகை. மீன் வாசனையோடு வார்னிஷ் வாசனை. அந்தக் கலவையை நீங்கள் யாரும் முகர நேரக்கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன்.

ஊர் என்னைக் கொண்டாடியது. “மிஷினு போனா போவுது, புள்ள கெடைக்கட்டும்னு எரிச்சிட்டாரு பாரு!” என்று பேசிக்கொண்டார்கள். சிறப்பு விருந்தினருக்காக வைத்திருந்த பொன்னாடை என் தோளுக்கு வந்தது. விருந்தினர் கைதட்டினார், அவருக்கு வேறு வழியில்லை. நான் கும்பிட்டேன். எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் கடையில் ஆம்ப்ளிஃபையரைப் பிரித்தேன். நாலு டிரான்சிஸ்டரும் போய்விட்டன. அவற்றை இயக்குகிற டிரைவர் டிரான்சிஸ்டர்களும் போய்விட்டன. ரெசிஸ்டர்கள் கரி. போர்டில் மின்சாரம் ஓடுகிற செம்புத் தடமே கருகியிருந்தது. அத்தனை சாவுக்கு நடுவில் ஒரே ஒரு ஆள் மட்டும் நலமாக, ஒரு கீறல் இல்லாமல், பளபளவென்று இருந்தது. வாட்ச்மேன். மீட்டர் வைத்துப் பார்த்தேன், நூற்றுக்கு நூறு சரியாக இருந்தது. பக்கத்தில் வீடு பற்றி எரிந்ததே அதற்குத் தெரியாது.

அதைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தேன். பொன்னாடை நாற்காலி முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது.

தனம் அக்கா மீன் விற்று முடித்து வழக்கம்போல எட்டிப் பார்த்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உடைந்த பிட், பசி, நாலு விரல் தூரம். அக்கா சிரிப்பார் என்று நினைத்தேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“அந்தப் புள்ள கெடைக்காம போயிருந்தா, ஏழுமல?”

கையிலிருந்த வாட்ச்மேனை மேஜை மேல் வைத்தேன். திருவிழா அன்று நான் எடுத்த முடிவைப் பலர் பாராட்டினார்கள். ஆனால் அந்த முடிவை எடுக்க வேண்டிய நிலைமையை உண்டாக்கியதே நான்தான். நெருக்கடியில் நிதானமாக யோசிப்பது பெரிய திறமை என்று உங்களுக்கு நிறைய பேர் சொல்வார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் ஓர் ஓட்டை போடுவது அதைவிடப் பெரிய திறமை. அதற்கு யாரும் பொன்னாடை போர்த்தமாட்டார்கள்.

“எனக்குச் சொல்லிட்ட,” என்றார் அக்கா எழுந்தபடி. “ஊருக்கு எப்ப சொல்லப் போற?”

பத்து நாள் கழித்து எல்லாவற்றையும் புதிதாகப் போட்டு, முறையாக ஓட்டை போட்டு, மைக்கா தகடு வைத்து, சூடு கடத்துகிற பேஸ்ட் தடவி, வாட்ச்மேனை ஹீட் சிங்கில் நாலு டிரான்சிஸ்டருக்கும் நடுவில் முடுக்கினேன். வெயிலில் வைத்து ஒரு பகல் முழுக்க ஓட்டிப் பார்த்தேன். பிறகு மணப்பட்டுக்கு எடுத்துப்போய் மாட்டினேன். சாயங்காலம், வலை வேலை முடிந்து ஆட்கள் கரையில் உட்கார்ந்திருந்த நேரம். மைக்கைப் பிடித்தேன். இந்த முறை கத்தவில்லை.

“அன்னிக்கி இந்த மிஷின நான் வேணும்னு எரிக்கல. அது சூடானதே என் தப்பு. ஒரு ஓட்ட போட சோம்பேறித்தனப்பட்டு அப்படியே குடுத்துட்டன். ஊரு மன்னிக்கணும்.”

என் குரல் சுத்தமாகப் போய் எல்லோர் காதிலும் விழுந்தது. ஒரு எழுத்துகூடப் பிசிறவில்லை. கொஞ்சம் பிசிறியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அப்போது தோன்றியது.

பஞ்சாயத்துத் தலைவர் எழுந்து, வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, கொட்டகைக்கு வந்தார். அடிக்கப் போகிறாரோ என்று நான் நினைத்தது உண்மை.

“இப்ப ஓட்ட போட்டியா?” என்றார்.

“போட்டன்.”

“காட்டு.”

மூடியைக் கழற்றிக் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். விரலால் அந்தத் திருகைத் தொட்டு, ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்தார். பிறகு பின்னால் திரும்பி, “வந்து பாத்துக்குங்கடா,” என்றார். கரையில் இருந்த அத்தனை பேரும் எழுந்து வரிசையில் வந்து, ஒவ்வொருவராகக் குனிந்து, அந்த ஒற்றைத் திருகைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசியாக வந்தவர் தனம் அக்கா. அவர் மட்டும் குனியவில்லை. மைக்கை எடுத்து, ஊருக்கே கேட்கும்படி, அவருடைய அந்தத் தாழ்ந்த குரலில் சொன்னார்:

“பாத்தாச்சி. நாளைக்கிக் காத்து கம்மிதான், எல்லாரும் கடலுக்குப் போலாம்.”